உப்புத் தண்ணீரும் மயில்துத்தமும்: கடல்மீன் தொட்டி நோய்த்தடுப்பின் கதை

2003-இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தைப் பார்க்காதவர்கள் நம் வகுப்பில் யாரும் இருக்க மாட்டார்கள். பல் டாக்டரின் மீன்தொட்டிக்குள் நீமோவைப் போட்டதும் ஒரு மீன் அலறும். கடலிலிருந்து நேரே வந்தவனாம், இன்னும் சுத்தம் செய்யவில்லையாம், தொடாதீர்கள் என்று. உடனே ஓர் இறால் ஓடி வந்து நீமோவைத் தேய்த்துத் துடைத்து முடித்துவிடும். பத்து விநாடி நகைச்சுவை. ஆனால் கடல்மீன் வளர்ப்பவர்கள் ஏறக்குறைய நூறு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் அந்தப் பத்து விநாடிக்குள் இருக்கிறது. கடலிலிருந்து வரும் மீன் தனியாக வருவதில்லை. கூடவே யாரையோ கூட்டிக்கொண்டு வருகிறது. அந்த விருந்தாளியை வாசலிலேயே நிறுத்துவது எப்படி?

இறால் துடைத்தால் போகாது என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். காரணம் பின்னால் வரும்.

படத்தில் வரும் டோரி நீல நிற டாங் இனம். மறதி நோய் கதாசிரியர் கொடுத்தது. நிஜத்தில் இந்த இனம் பேர் போனது வெள்ளைப்புள்ளி நோய்க்கு. உடம்பெல்லாம் உப்புத் தூவினாற்போல் புள்ளிகள் வரும். மீன் கல்லில் உரசும், வேகமாக மூச்சு வாங்கும், சாப்பிடாது. கவனிக்காமல் விட்டால் ஒரு வாரம் பத்து நாளில் தொட்டியே காலியாகிவிடலாம். அந்த மீனோ பவளப்பாறையில் வலைபோட்டுப் பிடித்து, பிளாஸ்டிக் பையில் ஆக்ஸிஜன் அடைத்து, விமானத்தில் ஏற்றி அனுப்பப்பட்டது. இத்தனை தூரம் பிழைத்து வந்த உயிர், வாங்கியவர் வீட்டில் பத்தே நாளில் போகிறது. ஆகவே இதைப் பணக்காரர்களின் பொழுதுபோக்குப் பிரச்சினை என்று மட்டும் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, கதையை ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

பொதுமக்கள் பார்க்கும் முதல் மீன்காட்சியகம் 1853-இல் லண்டன் விலங்குக்காட்சிச்சாலையில் திறந்தது. அடுத்த வருடம் பிலிப் ஹென்றி காஸ் என்பவர் மீன்தொட்டி பற்றி ஒரு புத்தகம் எழுத, இங்கிலாந்தில் நடுத்தர வர்க்க வீடுகளில் கண்ணாடித் தொட்டி வைப்பது ஒரு காய்ச்சல் போலப் பரவியது. அப்போதிருந்த பெரிய கவலை நோய் அல்ல, தண்ணீர். மீன் கழிவில் தண்ணீர் கெட்டுவிடும், ஊரோ கடலிலிருந்து தொலைவில். இதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் வில்லியம் ஆல்ஃபர்ட் லாயிட். ஹாம்பர்க் (1864), லண்டன் கிரிஸ்டல் பேலஸ் (1871) மீன்காட்சியகங்களில் அவர் செய்த ஏற்பாடு எளிமையானது. தொட்டிகளுக்குக் கீழே வெளிச்சம் படாத பெரிய நீர்த்தேக்கம். அங்கிருந்து பம்ப் மூலம் கடல்நீர் தொட்டிகளுக்குப் போகும், திரும்பி வரும், மறுபடி போகும். அதே தண்ணீரை வருடக்கணக்கில் ஓட்டலாம். அருமையான யோசனைதான். ஆனால் இதில் ஒரு பக்கவிளைவு ஒளிந்திருந்தது. எல்லாத் தொட்டிக்கும் ஒரே தண்ணீர் என்றால், ஒரு தொட்டியின் நோய் எல்லாத் தொட்டியின் நோய்.

(நம்மூருக்கும் இதில் ஒரு இடம் உண்டு. 1909-இல் சென்னை மெரினாவில் ஒரு கடல் மீன்காட்சியகம் திறந்தார்கள். அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டனின் முயற்சி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. கடல் பக்கத்திலேயே இருந்தது அதற்கு ஒரு கொடுப்பினை.)

இருபதாம் நூற்றாண்டில் கப்பல்கள் வேகமாகின. வெப்ப நாட்டுப் பவளப்பாறை மீன்கள் உயிரோடு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் வந்து சேர ஆரம்பித்தன. லண்டன் விலங்குக்காட்சிச்சாலை 1924-இல் புதிய மீன்காட்சியகம் ஒன்றைத் திறந்தது. அங்கே மீன்கள் கொத்துக் கொத்தாகச் சாகத் தொடங்கின. செவுளைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர் ஈ. எம். பிரவுன். 1931-இல் அவர் விவரித்த உயிரி ஒரு செல் மட்டுமே கொண்டது. கடலில் மிதக்கும் பாசி வகைகளுக்கு உறவு. ஆனால் இது மட்டும் வேர் போன்ற இழைகளை மீனின் செவுளுக்குள் இறக்கி உறிஞ்சியது. அதை அவர் ஊடினியம் என்ற பேரினத்தில் சேர்த்தார். 1946-இல் பிரவுனும் ஒவாஸ் என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்து அமிலூடினியம் என்றார்கள். மீன் வளர்ப்பவர்கள் இதை 'வெல்வெட்' என்கிறார்கள். மீன்மேல் பொன்தூள் தூவிய வெல்வெட் துணி போலத் தெரியும் என்பதால். பெயர்தான் அழகு. வேலை படுமோசம். பல சமயம் தோலில் தூள் தெரிவதற்கு முன்பே செவுள் நாசமாகி மீன் போய்விடும்.

அதே பிரவுன் 1951-இல் இன்னொரு எதிரிக்கும் பெயர் வைத்தார். அதுதான் வெள்ளைப்புள்ளி. கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ். கிரேக்கமும் லத்தீனும் கலந்த இந்தப் பெயருக்கு 'மறைந்த உட்கரு உடையது, எரிச்சலூட்டுவது' என்று பொருள். இதே உயிரியை 1930-களிலேயே ஜப்பானில் சிகாமா என்ற ஆய்வாளர் பார்த்து எழுதியிருந்தார். ஆனால் முறைப்படி பெயர் வைத்தது 1961-இல்தான். நன்னீர் மீன்களுக்கு வரும் வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணியின் தம்பி இது என்று நினைத்து, அதே பேரினப் பெயரில் 'கடல்வாழ்' என்ற அடைமொழியைச் சேர்த்தார். விதிப்படி முதலில் பதிவான பெயருக்குத்தான் உரிமை. பத்து வருடம் முந்திக்கொண்டதால் பிரவுன் வைத்த பெயர் நின்றது. டிரேட்மார்க் வழக்கு மாதிரியேதான். தம்பி என்ற ஊகமும் பிறகு நிற்கவில்லை. 2000-களின் தொடக்கத்தில் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது நன்னீர் வெள்ளைப்புள்ளிக்கும் கடல் வெள்ளைப்புள்ளிக்கும் கிட்டத்து உறவே இல்லை என்று தெரிந்தது. வேறு வேறு குடும்பத்துத் திருடர்கள் ஒரே மாதிரி கன்னம் வைக்கக் கற்றிருக்கிறார்கள், அவ்வளவே.

இந்த வேறுபாடு வெறும் பெயர்ச் சண்டை இல்லை. நன்னீர் மீனுக்கு வெள்ளைப்புள்ளி வந்தால் தண்ணீரைச் சூடாக்குவது ஒரு பழைய கைவைத்தியம். அதையே கடல்மீனுக்கும் செய்துபார்த்துத் தோற்றவர்கள் ஏராளம். கடல் ஒட்டுண்ணி பவளக்கடல் வெப்பத்தில் பிறந்து வளர்ந்தது, மீன் தாங்கும் சூட்டை அதுவும் தாங்கும்.

இனி நியூயார்க்குக்குப் போக வேண்டும். அந்த நகரத்து மீன்காட்சியகம் 1896-இல் மன்ஹாட்டனின் தென்முனையில் ஒரு பழைய கோட்டைக்குள் திறந்தது. 1941-இல் மூடி, 1957-இல் புரூக்ளினின் கோனி ஐலண்ட் கடற்கரையில் மீண்டும் திறந்தார்கள். அங்கே நோயியல் பார்த்தவர் ராஸ் நிக்ரெல்லி. பிரவுன் 'இது யார்' என்று சொன்னார் என்றால், நிக்ரெல்லி 'இது என்ன செய்கிறது' என்று சொன்னவர். 1936-இல் வெல்வெட் ஒட்டுண்ணியின் முழு வாழ்க்கைச் சுழற்சியை வெளியிட்டார். 1966-இல் ருஜியேரி என்பவரோடு சேர்ந்து, வெள்ளைப்புள்ளி தங்கள் மீன்காட்சியகத்தில் மறுபடி மறுபடி தலைதூக்கிய வரலாற்றையே ஒரு கட்டுரையாக எழுதினார். 1970-இல் கோமாளி மீன்களைத் தாக்கும் இன்னொரு ஒட்டுண்ணிக்கு ஜிரி லோம் என்பவரோடு சேர்ந்து பெயர் வைத்தபோது, அது புரூக்ளினெல்லா ஹாஸ்டிலிஸ் ஆனது. ஊர்ப் பெயரை நோய்க்கிருமிக்கு வைத்தால் நம்மூரில் சும்மா விடுவார்களா :-)

வாழ்க்கைச் சுழற்சி என்றதும் பிளஸ் டூ உயிரியல் ஞாபகம் வந்து பயப்பட வேண்டாம். மூன்றே கட்டம். முதலில் மீன்மேல் ஒட்டித் தின்னும் கட்டம். வெள்ளைப்புள்ளியில் இது தோலின் மேல் அடுக்குக்கு அடியிலேயே புகுந்து உட்கார்ந்துகொள்ளும், மூன்று முதல் ஏழு நாள் தின்று கொழுக்கும். பிறகு மீனை விட்டுக் கீழே விழுந்து, மணலிலோ கல்லிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றிக் கெட்டியான கூடு கட்டும். கூட்டுக்குள் ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக, இருநூறு வரைகூடப் பிரியும். கடைசியில் கூடு உடைந்து குட்டிகள் நீந்தி வெளியே வந்து மீனைத் தேடும். அவற்றுக்கு அவகாசம் குறைவு. சில மணி நேரத்திலேயே வலு குறையத் தொடங்கும். ஒன்றிரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் கதை முடிந்தது.

பரந்த கடலில் இந்தக் கணக்கு ஒட்டுண்ணிக்குப் பாதகமானது. இருநூறு குட்டிகளில் ஒன்றிரண்டுக்கு மீன் கிடைத்தாலே பெரிது. ஆஸ்திரேலியாவின் மோர்டன் வளைகுடாவில் 1990-களில் இயற்கையாகத் திரியும் மீன்களைப் பிடித்துப் பார்த்தபோது, பல மீன்களில் இந்த ஒட்டுண்ணி கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. மீன்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் நான்கடிக் கண்ணாடிப் பெட்டியில் மீன் எங்கே ஓடும்? இருநூறில் பாதிக்கு இடம் கிடைத்தால்கூட அடுத்த சுற்றில் எத்தனை என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். கூட்டு வட்டி பாடம் நடத்தும்போது இதை உதாரணமாகச் சொன்னால் யாருக்கும் மறக்காது. நோயைக் கொண்டுவந்தது கடல்தான். அதைக் கொலைகாரனாக்கியது கண்ணாடிப் பெட்டி.

பிளைமவுத்தில் பர்ஜஸ், மேத்யூஸ் என்ற இருவர் 1994-இல் கண்டு சொன்னது இன்னும் சுவாரசியம். ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்குவதும், கூட்டிலிருந்து குட்டிகள் வெளிவருவதும் பெரும்பாலும் இருட்டில். இரவில் மீன்கள் அடித்தளத்தில் அசையாமல் தூங்கும். கூடுகள் இருப்பதும் அடித்தளத்தில். சரியான நேரம் பார்த்து வரும் திருடன்தான்.

இப்போது மயில்துத்தத்துக்கு வருவோம்.

1955-இல் சான் பிரான்சிஸ்கோவின் ஸ்டைன்ஹார்ட் மீன்காட்சியகத்தைச் சேர்ந்த ராபர்ட் டெம்ப்ஸ்டர் ஒரு கட்டுரை வெளியிட்டார். காப்பர் சல்ஃபேட், அதாவது நம் நாட்டு மருந்துக்கடையில் மயில்துத்தம் என்று கேட்டால் தெரியும் அந்த நீலக் கல், கடல்நீரில் மிகச் சிறு அளவில் கரைந்திருந்தால் வெல்வெட் ஒட்டுண்ணியை ஒழிக்கும் என்றார். சுண்ணாம்போடு சேர்த்துப் பயிருக்கு அடிக்கும் போர்டோ கலவையில் இருப்பதும் இதே பொருள். பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களைப் பூஞ்சையிடமிருந்து 1880-களில் காப்பாற்றியதும் இதே பொருள்தான்.

அளவைப் பாருங்கள். லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் தாமிரம். ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு 0.8 கிராம் மயில்துத்தம் போதும். ஒரு சிட்டிகை. ஆனால் அந்த அளவு பத்து பதினான்கு நாள் இறங்காமல் நிற்க வேண்டும். ஏனென்றால் தாமிரம் கொல்வது நீந்தும் குட்டிகளை மட்டுமே. தோலுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அது தொடுவதில்லை. ஒவ்வொரு கூடும் உடைந்து குட்டிகள் வெளியே வரும்வரை வாசலில் காவல் நிற்க வேண்டும். ஒரு நாள் அளவு குறைந்தால் அந்த ஒரு நாளில் வந்தவை தப்பித்துவிடும். கூடினாலோ மீனே சாகும். போதாக்குறைக்குத் தொட்டியில் இருக்கும் பவளமணலும் சுண்ணாம்புக் கல்லும் தாமிரத்தை உறிஞ்சிக்கொள்ளும். காலையில் போட்டது மாலையில் இருக்காது. அதனால் அளந்து அளந்து பார்க்க வேண்டியிருந்தது. பிறகு வந்த நிறுவனங்கள் தாமிரத்தை வேறு சேர்மங்களோடு கட்டி, எளிதில் படியாத திரவங்களாக விற்றன. தாமிரம் அளக்கும் சோதனைப் பெட்டிகளும் வந்தன.

என் கருத்தில் இந்தக் கதையின் மிக முக்கியமான கட்டுரை டெம்ப்ஸ்டருடையதுதான். அதுவரை நடந்தது பிணப் பரிசோதனை. அதற்குப் பிறகுதான் வைத்தியம். அவர் கட்டுரை வெளிவந்தது நியூயார்க் விலங்கியல் கழகத்தின் ஆய்விதழில். நிக்ரெல்லி வெல்வெட்டின் வாழ்க்கையை எழுதியதும் அதே இதழில்தான். ஒருவர் எதிரியின் தினசரி அட்டவணையைக் கொடுத்தார், இன்னொருவர் அந்த அட்டவணையில் எந்த நேரத்தில் அடிப்பது என்று சொன்னார்.

பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறீர்களா? கொஞ்ச காலத்துக்குத் தீர்ந்தது உண்மை. 1950, 60-களின் கடல்மீன் தொட்டி பெரும்பாலும் மீன், மணல், வெளுத்துக் காய்ந்த பவள எலும்பு. அவ்வளவே. தாமிரத்தை நேரே தொட்டியில் ஊற்றலாம். நிரந்தரமாகவே ஊற்றி வைத்தவர்களும் இருந்தார்கள்.

1961-இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் ஓர் அமெரிக்க மீன் இதழில் எழுதிய கட்டுரை இந்த நிம்மதியைக் கெடுக்கும் விதையைப் போட்டது. அவர் தொட்டியில் பெரிய கருவிகள் கிடையாது. கடலிலிருந்து எடுத்து வந்த கல், அதில் ஒட்டியிருக்கும் உயிர்கள், கொஞ்சம் காற்றுக்குமிழி. அதிலேயே பவளமும் உயிரோடு இருந்தது. ஆரம்பத்தில் யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. பிறகு ஜெர்மனியில் பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் 1970, 80-களில் உயிர்க்கல்லையும் பலமான விளக்கையும் சேர்த்து இதையே வேறு விதமாக வளர்த்தெடுத்தார்கள். 1986-இல் ஜார்ஜ் ஸ்மிட் எழுதிய தொடர் கட்டுரைகளால் அமெரிக்காவிலும் பவளத் தொட்டி மோகம் பற்றிக்கொண்டது. அதன்பின் கடல்மீன் தொட்டி என்றாலே பவளத் தொட்டி என்றாகிவிட்டது.

தாமிரம் மீனைக் காப்பாற்றும். பவளத்தைக் கொல்லும். நத்தை, இறால், நட்சத்திரமீன், கடல்சாமந்தி எல்லாவற்றையும் கொல்லும். 31 வருடம் முன்பே கண்டுபிடித்த, வேலை செய்யும் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, நோய்வாய்ப்பட்ட மீனைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிய நிலை. கல்லுக்கும் மணலுக்கும் நடுவே நீந்தும் மீனை வலைபோட்டுப் பிடிப்பதும் லேசல்ல, மொத்தக் கல்லையும் பிரிக்க வேண்டிவரும். மருத்துவம் பின்னோக்கிப் போன இடங்கள் வரலாற்றில் அபூர்வம். இது அதில் ஒன்று. மருந்து தோற்கவில்லை, மருந்து நுழைய முடியாத வீட்டை நாமே கட்டிக்கொண்டோம்.

இந்த இடைவெளியில்தான் போலி மருந்துகளின் பொற்காலம். 'பவளத்துக்கு ஆபத்தில்லை' என்று லேபிள் ஒட்டிய பாட்டில்கள், பூண்டுச் சாறு, இன்னும் என்னென்னவோ. சுத்தம் செய்யும் மீனையும் இறாலையும் வாங்கி விட்டால் போதும் என்றும் சொன்னார்கள். சுத்தம் செய்யும் மீனின் திறமை பொய்யில்லை. ஆஸ்திரேலிய ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா கிரட்டர் 1996-இல் வெளியிட்ட கணக்குப்படி ஒரு மீன் ஒரு நாளில் சராசரியாக 1,200-க்கும் மேற்பட்ட ஒட்டுண்ணிகளைத் தின்கிறது. ஆனால் அவை பெரும்பாலும் வெளியே ஒட்டியிருக்கும், கண்ணுக்குத் தெரியும் பூச்சி வகை. தோலுக்கு அடியில் பதுங்கியிருக்கும் ஒரு செல் உயிரியை அது எப்படிக் கொத்தும்? இறாலுக்கும் இதே பதில்தான்.

பூண்டு கொடுத்தபின் புள்ளிகள் மறைந்தன என்று சத்தியம் செய்பவர்களும் பொய் சொல்லவில்லை. மூன்று முதல் ஏழு நாளில் ஒட்டுண்ணி தானாகவே கீழே இறங்கிவிடும் என்று மேலே பார்த்தோம் இல்லையா? எதைக் கொடுத்தாலும், ஒன்றுமே கொடுக்காவிட்டாலும், புள்ளி மறையும். பிறகு இருநூறு மடங்காகத் திரும்பி வரும்.

மருந்து உள்ளே போக முடியாது என்றால் மீன் வெளியே வரவேண்டும். இப்படித்தான் மருத்துவமனை தொட்டிக்குள்ளிருந்து பக்கத்து அறைக்கு மாறியது. புதிதாக வாங்கும் மீனை முதலில் கல்லும் மணலும் இல்லாத ஒரு வெறும் தொட்டியில் வைத்து, சில வாரம் கவனித்து, தேவையானால் மருந்து கொடுத்து, பிறகே பெரிய தொட்டியில் விடுவது. 2020-க்குப் பிறகு குவாரன்டைன் என்ற சொல்லை நான் விளக்கத் தேவையில்லை. 1377-இல் ரகூசா என்ற துறைமுக நகரம் (இன்றைய குரோவேஷியாவின் டுப்ரோவ்னிக்) கொள்ளைநோய் ஊரிலிருந்து வருபவர்களை 30 நாள் தள்ளி வைத்தது. பின்னர் வெனிஸ்காரர்கள் பழக்கத்தில் அது நாற்பது நாளானது. நாற்பதுக்கான இத்தாலியச் சொல்லிலிருந்து வந்ததே இந்த வார்த்தை. அந்தக் காலத்தில் நோய் எதனால் வருகிறது என்று தெரியாது. நாள் கணக்கு மட்டும் தெரியும். மீன் விஷயத்தில் தலைகீழ். நோய் எது என்று 1951-க்குள் தெரிந்துவிட்டது. எத்தனை நாள் என்பதுதான் தெரியவில்லை.

அந்த நாள் கணக்கைப் போட்டுக் கொடுத்ததில் பெரிய பங்கு செங்கடல் கரையில் உள்ள எய்லாட் ஊருக்கு. அங்கே கடல்மீன் பண்ணைகளுக்கான ஆராய்ச்சி நிலையத்தில் ஏஞ்செலோ கொலோர்னி 1985-லும் 1987-லும் வெளியிட்ட கட்டுரைகள் இரண்டு மருந்தில்லா வழிகளைச் சொல்லின. ஒன்று, உப்பைக் குறைப்பது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதைப் பாதிக்கும் கீழே இறக்கினால் பெரும்பாலான கடல்மீன்கள் சில வாரம் தாக்குப்பிடிக்கும், கூடுகள் வெடித்து அழியும். இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. மீனை மூன்று நாளுக்கு ஒருமுறை சுத்தமான புதுத் தொட்டிக்கு மாற்றுவது, நான்கு தடவை. கீழே விழுந்த கூடு உடையக் குறைந்தது மூன்று நாளாவது ஆகும். அது உடையும்போது மீன் அங்கே இருக்காது. வீட்டுக்காரர் வரும்முன் வாடகை வீட்டைக் காலி செய்வதுபோல். மீன்மேல் இருப்பவையும் அதற்குள் ஒவ்வொன்றாக இறங்கிவிடும். பன்னிரண்டு நாளில் மீன் சுத்தம். ஒரு சொட்டு மருந்து கிடையாது.

ஆனால் ஒட்டுண்ணிகள் எல்லாம் ஒன்றல்ல. வெல்வெட்டிடம் உப்புக் குறைப்பு செல்லாது, அது மிகக் குறைந்த உப்பிலும் வாழும். அங்கே தாமிரம்தான், அல்லது குளோரோகுயின். ஆமாம், மலேரியா மாத்திரையில் இருக்கும் அதே குளோரோகுயின்தான். 1980-களில் அதை மீன்களிடம் சோதித்துப் பார்த்துப் பலன் கண்டார்கள். குறைந்த உப்பைத் தாங்கும் வெள்ளைப்புள்ளி வகைகளும் பிறகு தைவானில் தென்பட்டன.

அடுத்த கேள்வி, ஏற்கெனவே நோய் புகுந்த பெரிய தொட்டியை என்ன செய்வது? நம் விவசாயிகள் நிலத்தைத் தரிசு விடுவதுபோல் விடுவதுதான் வழி. மீன்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, பவளத்தையும் நத்தையையும் மட்டும் விட்டுவைப்பது. பவளத்தில் இந்த ஒட்டுண்ணிக்குச் சாப்பாடு இல்லை. குட்டிகள் வெளியே வந்து மீனைத் தேடிக் கிடைக்காமல் சாகும். எத்தனை நாள்? கொலோர்னியும் பர்ஜஸும் 1997-இல் எழுதிய தொகுப்புக் கட்டுரையில், கூடுகள் ஒரே நேரத்தில் உடைவதில்லை, மூன்று நாளிலும் உடையலாம், 72 நாளிலும் உடையலாம் என்று இருக்கிறது. பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள். ஒன்றிரண்டு சோம்பேறிகள் மட்டும் இரண்டரை மாதம் தூங்கும். இந்த 72-உடன் சில நாள் பாதுகாப்புக்குச் சேர்த்து 76 நாள் என்று மீன் வளர்ப்பவர்கள் இன்று சொல்வதற்கு இதுதான் வேர். கடையிலிருந்து வரும் பவளத்துண்டின் அடிக்கல்லிலும் நத்தை ஓட்டிலும் இப்படி ஒரு சோம்பேறி ஒட்டியிருக்கலாம். கவனமானவர்கள் அவற்றையும் மீனில்லாத் தொட்டியில் காத்திருக்க வைக்கிறார்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஏன் மீன்கள் சாகின்றன? இந்த இடத்தில் பி.காம் மாணவனாக எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. காத்திருப்பது என்றால் ஸ்டாக்கை வைத்திருக்கும் செலவு. மீனைப் பிடிப்பவர், ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, கடைக்காரர் என்று சங்கிலி நீளம். இதில் யார் ஒருவர் மீனை 30 நாள் வைத்திருந்தாலும் தீனி, மின்சாரம், ஆள் கூலி, இடம், சாகும் மீனின் நட்டம் எல்லாம் அவர் தலையில். விலையை ஏற்றினால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். அதனால் ஒவ்வொருவரும் மீனை முடிந்த வேகத்தில் அடுத்தவர் கைக்குத் தள்ளுகிறார்கள். கடைசியில் நிற்பவர் வாங்குபவர். இருப்பதிலேயே அனுபவம் குறைந்தவரும் அவரே. பல கடைகளில் எல்லாத் தொட்டிக்கும் ஒரே தண்ணீர் சுற்றும், லாயிட் 1871-இல் செய்த அதே ஏற்பாடு. சிலர் அந்தப் பொதுத் தண்ணீரில் குறைந்த அளவு தாமிரம் போட்டோ உப்பைக் குறைத்தோ வைத்திருப்பார்கள். நோய் போகாது, அமுங்கியிருக்கும். வீட்டுக்கு வந்து முழு உப்பில் விட்ட ஒரு வாரத்தில் பூக்கும். வாங்கியவர் தன் தண்ணீர் சரியில்லை என்று தன்னையே நொந்துகொள்வார். கடைக்காரருக்கு அடுத்த மீன் விற்கும்.

பெரிய மீன்காட்சியகங்கள் இதைத் தீர்த்துவிட்டன. அங்கே மீன் இறந்தால் நட்டம் அவர்களுடையது, அதனால் பார்வையாளர் கண்ணில் படாத பின்கட்டில் தனிமைத் தொட்டிகள் வரிசையாக இருக்கும், 30 நாள் என்பது அங்கே சாதாரணம். செலவும் நட்டமும் ஒரே கணக்குப் புத்தகத்தில் வரும் இடத்தில் தடுப்பு நடக்கிறது. வேறு வேறு புத்தகங்களில் வரும் இடத்தில் நடப்பதில்லை.

இன்னொரு வழி, கடலிலிருந்து பிடிக்காமலே இருப்பது. பொரிப்பகத்தில் பிறந்த மீன் கடல் விருந்தாளிகளைச் சந்திப்பதற்கான வாய்ப்பே குறைவு. கோமாளி மீனை வளர்ப்பது சுலபமாகிவிட்டது. ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலேயே கோமாளி மீன் குஞ்சு பொரிக்கும் முறையை உருவாக்கி, சொல்லியும் கொடுத்தார்கள். மஞ்சள் டாங் 2015-இல் ஹவாயிலும், டோரியின் நீல டாங் 2016-இல் ஃபுளோரிடாவிலும் முதன்முதலாகத் தொட்டியில் வளர்ந்து பெரிதாயின. ஆனால் பொரிப்பகத்துக்கும் தாய்மீன் கடலிலிருந்துதான் வரவேண்டும். அதே மண்டபத்தில் பாம்பனோ என்ற உணவு மீனின் தாய்மீன்களை அமிலூடினியம் தாக்கி, சிகிச்சை கொடுத்து மீட்டதை 2015-இல் கட்டுரையாகப் பதிவு செய்திருக்கிறார்கள். 1931-இல் லண்டனில் பிரவுன் பெயர் வைத்த அதே உயிரி. அவர் பார்த்த மீன்கள் இருந்த லண்டன் கட்டடம் 2019-இல் மூடப்பட்டுவிட்டது.